கயிறு பிடித்தவர்

எண்ணுவது ஒரு வேலை என்றால், எப்படி எண்ணினோம் என்று எழுதிக்கொடுப்பது அதைப் போல ஒன்பது வேலை. இந்த ஞானம் தேவபிரசாதத்துக்கு வந்தபோது அவர் தலையில் பாதி நரைத்திருந்தது.

அவர் நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளிவிவர உதவியாளர். 1978ஆம் வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்தொன்று வரை நடந்த முத்துக்குளிப்பின்போது எடுத்த சிப்பிக் கணக்குகளை ஒழுங்கு செய்து, சென்னையில் புதிதாகத் தொடங்கியிருந்த பொதுத் தரவுக் களஞ்சியத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அப்புறம் அது யாருடைய பீரோவுக்கும் சொந்தமில்லை. கொச்சியிலிருந்து கேட்டாலும் கொடுப்பார்கள், ஜப்பானிலிருந்து எழுதிக் கேட்டாலும் பிரதி எடுத்து அனுப்புவார்கள். கல்யாணப் பந்தி மாதிரி, இலை போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஆனால் வெறும் எண்ணை அனுப்பினால் களஞ்சியத்துக்காரர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கூடவே ஒரு விளக்கக் குறிப்பு வேண்டும். யார் எண்ணினார்கள், எதை வைத்து எண்ணினார்கள், ஒரு அளவு என்பது என்ன, விட்டுப்போன இடம் ஏன் விட்டுப்போனது என்று மாமியார் தோற்கும்படி கேள்விகள். நிலையத்தின் ஆராய்ச்சி அதிகாரி செல்வதுரை அந்தக் குறிப்பை எழுதும் வேலையைத் தேவபிரசாதத்திடம் கொடுத்துவிட்டார். செல்வதுரை சாத்தான்குளத்துப் பையன், டாக்டர் பட்டம் வாங்கியவர், வயதில் இளையவர். நல்ல மனிதர், ஆனால் முத்துக்குளிப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. கடைசிக் குளிப்பு நடந்தபோது அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணால் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் தேவபிரசாதம் ஒருவர்தான். சோதனைத் தோணியில் சிப்பி எண்ணியவரே அவர்தான். அதனால் வேலை அவருக்குக் கசக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுத உட்காரும்போது, பதிலுக்கு முன்னால் அந்த நாட்கள் வந்து நின்றுகொண்டன.

மாசி, பங்குனியில் கடற்கரை மணலில் திடீரென்று ஓர் ஊர் முளைக்கும். ஓலைக் கொட்டகைகள், பெட்ரோமாக்ஸ் விளக்குகள், இட்லிக் கடை, பேரம் பேச வந்த வியாபாரிகள், பேரத்தை வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களுக்குப் பாக்கு வெற்றிலை விற்க வந்தவர்கள். முத்தெடுப்பதற்காக அழுகவிட்ட சிப்பியின் நாற்றம் ஊரையே தூக்கும். புதிதாக வருகிறவன் முதல் நாள் சோறு தின்னமாட்டான். அந்த நாற்றம் மறுபடி ஒரு தடவை காற்றில் வராதா என்று தேவபிரசாதம் இப்போதெல்லாம் ஏங்குகிறார். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் சொல்வதில்லை.

விடியற்காலை நிலக்காற்றில் தோணிகள் புறப்படும். கடலுக்கடியில் சிப்பி விளையும் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள். பாருக்கு மேலே நங்கூரம் போட்டதும் முத்துக்குளிக்கிறவர்கள், அதாவது குளியாள்கள், காலில் கல்லைக் கோத்துக்கொண்டு மூக்கைப் பிடித்து முங்குவார்கள். ஒவ்வொரு குளியாளின் இடுப்புக் கயிற்றையும் தோணியில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை ஆட்டினால் மேலே நிற்பவர் இழுக்க வேண்டும். ஒரு முங்கலில் வருகிற சிப்பியை எண்ணிப் பதிவது தேவபிரசாதத்தின் வேலை. பாரில் எவ்வளவு சிப்பி இருக்கிறது என்று கணக்குப் பார்க்க அதுதான் வழி.

களஞ்சியத்தின் கேள்வித்தாளில் "ஒரு அளவு என்பது எது?" என்ற இடத்தில் அவர் யோசிக்காமல் எழுதினார்: "ஒரு முங்கல். அதாவது குளியாளின் ஒரு முழு மூச்சு."

பத்து நாள் கழித்துச் செல்வதுரை அவரை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் ஒரு வரைபடத் தாள் விரிந்து கிடந்தது.

"அண்ணாச்சி, இந்த ஏழாம் நம்பர் குளியாள் யாரு?"

"ஜேசுபாதம். ஏன் சார்?"

"இங்கன பாருங்க. முதல் நாலு வருஷம் எல்லாரையும் விட இவரு மேல இருக்காரு. அம்பத்தொம்பதுல பாதிக்குப் பாதி விழுந்துட்டாரு. மத்தவங்க யாரும் விழல. அதுக்கு நடுவுல கொஞ்ச நாள் மட்டும் பழைய உயரத்துக்குப் போறாரு, திரும்பவும் விழுறாரு. பார்ல சிப்பி குறைஞ்சிருந்தா எல்லாருக்கும்லா குறையணும்?"

தேவபிரசாதம் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"காரணம் தெரியாம இத உள்ள வச்சா, வெளியூர்க்காரன் எவனாவது பாரே அழிஞ்சுபோச்சுன்னு கட்டுரை எழுதுவான். அதனால இவரோட கடைசி மூணு வருஷத்த எடுத்துருவோம். குறிப்புல ஒரு வரி போட்டுருங்க."

அந்த ஒரு வரியையும் செல்வதுரையே எழுதி வைத்திருந்தார். "ஏழாம் எண் குளியாளின் பிற்கால எண்ணிக்கைகள் நம்பத்தகாதவை, நீக்கப்பட்டன."

தேவபிரசாதத்துக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. ஜேசுபாதம் நம்பத்தகாதவரா? அதை உலகம் முழுக்க அச்சடித்து அனுப்பவேண்டுமா? கோபம் வந்தது. வந்த கோபத்துக்குக் காரணம் சொல்ல முடியாததுதான் பெரிய கோபமாக இருந்தது. செல்வதுரை சொன்னதில் பிழையில்லை. எண்கள் விழுந்தது உண்மை. எழுதியதும் தேவபிரசாதத்தின் கைதான்.

"ஒரு வாரம் டைம் குடுங்க சார். காரணம் கிடைக்குதான்னு பாக்கேன்."

"கிடைச்சா எனக்கும் சந்தோசம்தான் அண்ணாச்சி. ஆனா ஒருத்தர் வாய்மொழிய மட்டும் வச்சு எழுத முடியாது, பாத்துக்கிடுங்க."

ஜேசுபாதம் யாரென்று இங்கே சொல்லிவிட வேண்டும். தாய் தகப்பன் முகம் தெரியாமல் கோயில் அனாதை விடுதியில் வளர்ந்தவர். கடல் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. உள்ளே போனால் எப்போது வருவார் என்று தோணியிலுள்ளவர்கள் மறந்தே போவார்கள். கயிற்றை யாராவது ஒரு கூலியாள் பிடித்திருப்பான். அவர் ஆட்டுகிற வரைக்கும் அவன் பீடி பிடித்துக்கொண்டிருப்பான். அவர் மேலே வரும்போது சிப்பி போடும் வலைக்கூடு நிறைந்து வழியும்.

நாசரேத்துச் செம்மணல் தேரியில் பிறந்த தேவபிரசாதத்துக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் தோணியில், தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே போகும் கயிற்றைப் பார்த்தார். அவ்வளவுதான், குடல் வெளியே வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஜேசுபாதம் மட்டும் தன் தலைத்துண்டை நனைத்து அவர் தலையில் போட்டு, பின்பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தார்.

"கயித்தப் பாக்காதிய அண்ணாச்சி. கரையப் பாருங்க, இல்லாட்டி சிப்பியப் பாருங்க. மனசு நின்னுரும்."

அன்றிலிருந்து குளிப்பு முடிகிற வரைக்கும் தேவபிரசாதம் கயிற்றுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். மாதா கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும், மடி நிறையச் சிப்பி. ஒரு நாள்கூட அப்புறம் வாந்தி எடுத்ததில்லை.

ஐம்பத்தொன்பதில் ஜேசுபாதத்துக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ஞானபாக்கியம், கூடக் குளிப்புக்கு வந்த பாஸ்கலின் தங்கை. அந்த வருஷக் குளிப்பில்தான் கூடு பாதியாக வரத் தொடங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஞானபாக்கியம் பாதி மூச்ச வாங்கிக்கிட்டா" என்று தோணிக்குத் தோணி கேலி. ஜேசுபாதம் தலையைத் துவட்டிக்கொண்டு சிரிப்பார். பாஸ்கலும் சேர்ந்து சிரிப்பான். அறுபத்தொன்றோடு குளிப்பு நின்றது. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பிழைக்கப் போனார்கள்.

இதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி ஜெயசெல்வியிடம் சொன்னார்.

"அவருக்கு நெஞ்சுல ஏதும் சீக்கு இருந்துச்சோ என்னமோ. வெளிய சொல்லிருக்க மாட்டாரு."

"அத ஏன் எங்கிட்ட கேக்கிய? அவரு மச்சான் இந்த ஊர்லதான இருக்காரு. சம்பந்தக்காரனுக்குத் தெரியாத சீக்கு உண்டா?" என்றாள் ஜெயசெல்வி. "ஆபீஸ் கணக்க சோத்துல பெசஞ்சு தின்னாதிய. குழம்பு ஆறுது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வெள்ளை வேட்டி, சட்டையோடு சைக்கிளை மிதித்துப் புதுத் துறைமுகத்துக்குப் போனார். வழியெல்லாம் உப்பளம், வெயிலில் கண்ணைக் குத்தியது. பாஸ்கல் இப்போது அங்கே சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறார். தோணியில் ஒல்லிக்குச்சியாக நின்றவர், தொப்பையும் காக்கிச் சட்டையுமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கணக்கு அண்ணாச்சியா! ஏ யப்பா, எத்தன வருசமாச்சி! ஏலே, இங்கன ஒரு டீ, சீனி கூடப் போடு. அண்ணாச்சிக்கு இனிப்பு வேணும்."

இவர் எப்போதோ தோணியில் கருப்பட்டி கேட்டு வாங்கித் தின்றதை அவர் மறக்கவில்லை. தேவபிரசாதம் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு பழைய பேச்சுப் பேசி, டீயைக் குடித்து முடித்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"பாஸ்கல், ஒளிக்காம சொல்லும். கல்யாணத்துக்குப் பொறவு ஜேசுபாதத்துக்கு மூச்சு ஏன் கொறஞ்சுது? சீக்கு ஏதும் இருந்துச்சா?"

பாஸ்கல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு மூச்சுக்கு என்ன கேடு? நான்லா இழுத்தேன்!"

"என்னது?"

"கல்யாணம் முடிஞ்சா கயிறு மச்சான் கைக்கு வந்துரும்லா அண்ணாச்சி. எங்க கடல்ல அதான முறை. கீழ போறவன் உசிரு எவன் கையில இருக்கணும்? தங்கச்சி தாலியக் காப்பாத்தணும்னு எவன் நெனப்பானோ அவன் கையில. கூடவே இருந்திய, இது தெரியாதா?"

தெரியாது. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்?

"சரி, எல்லாக் குளியாளுக்கும் மச்சான்மார்தான பிடிச்சிருப்பாங்க. ஜேசுபாதத்துக்கு மட்டும் ஏன்?"

பாஸ்கல் தன் டீ கிளாஸைக் கையில் உருட்டினார்.

"எங்கப்பா சங்கு குளிக்கப் போயி செத்தாரு. கயிறு பிடிச்சவன் கூலிக்கு வந்த ஆளு. அவரு ஆட்டட்டும், இழுப்போம்னு காத்துக்கிட்டே நின்னிருக்கான். செத்தவன் எங்க அண்ணாச்சி கயித்த ஆட்டுவான்?" டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். "அதனால மாப்ள ஆட்டுறதுக்கு நான் காத்திருக்கதே இல்ல. அவரு தல தண்ணிக்குள்ள போனதும் மனசுக்குள்ள மூணு பிரியதத்த மந்திரம் சொல்லுவேன். மூணாவது முடியுததும் இழுத்திருவேன். அவரு மேல வந்து, நான் ஆட்டலியே ஏம்லே இழுத்தன்னு கேப்பாரு. ஆட்டுன மாதிரி இருந்துச்சே மாப்ளன்னுவேன். நீரோட்டம் ஆட்டிருக்கும்னு அந்த மனுசனும் விட்டுருவாரு. வெள்ளந்தி."

பிரியதத்தம் என்பது மாதாவை வாழ்த்திக் கத்தோலிக்கர்கள் சொல்லும் சின்னச் செபம். தேவபிரசாதம் புராட்டஸ்டண்ட் சபைக்காரர், அதன் நீளம் அவருக்குத் தெரியாது. ஆனால் ஜேசுபாதத்தின் மூச்சை அது எந்த இடத்தில் வெட்டியது என்று தெரிந்துவிட்டது.

"நடுவுல கொஞ்ச நாள் சிப்பி கூட வந்திருக்கு பாஸ்கல். அது எப்படி?"

"எனக்கு அம்மை போட்டிருந்துச்சி. தண்டல் பிடிச்சாரு. தோணி ஓட்டுதவருக்கு என்ன, ஆட்டுனா இழுப்பாரு. அந்த நாளெல்லாம் வேப்பிலைக்குள்ள படுத்துக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

தேவபிரசாதம் களஞ்சியத்தைப் பற்றியும் குறிப்பைப் பற்றியும் விளக்கிச் சொன்னார். இதை எழுதினால் ஜேசுபாதத்தின் மூன்று வருஷம் தப்பிக்கும். இல்லையென்றால் நம்பத்தகாதவர் என்று போய்விடும். பாஸ்கல் கவனமாகக் கேட்டார். முகம் வாடியது.

"எழுதுங்க. தாராளமா எழுதுங்க. ஜப்பான்காரன் படிக்கட்டும், வெள்ளக்காரன் படிக்கட்டும். மாப்ளைட்ட மட்டும் சொல்லிராதிய அண்ணாச்சி. ஊரெல்லாம் அவர என்னமா கேலி பண்ணுச்சி! அதுக்குக் காரணம் நான்னு தெரிஞ்சா, எந்த மூஞ்சியோட தங்கச்சி வீட்டுப் படி ஏறுவேன்?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போதுதான் சிக்கல் புரிந்தது. ஒருவர் வாய்மொழி போதாது என்று செல்வதுரை சொல்லியிருந்தார். இரண்டாவது வாய் யாருடையது? கயிற்றின் மறுமுனையில் இருந்தவருடையது. அவரிடம் கேட்டால் பாஸ்கலுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு, இத்தனை வருஷ உறவும் போகலாம். கேட்காவிட்டால் ஜேசுபாதத்தின் பேர் போச்சு. கேட்காமலே எழுதிவிடலாம் என்றால், ஒருவரைப் பற்றிய விஷயத்தை அவருக்குத் தெரியாமல் ஊர் உலகத்துக்கு எடுத்துக் கொடுப்பது என்ன நியாயம்? இரண்டு நாள் ஆபீஸில் ஒரு வரியும் எழுத ஓடவில்லை. புதன்கிழமை லீவு சொல்லிவிட்டுக் கீழவைப்பாருக்கு பஸ் ஏறினார்.

ஜேசுபாதம் அங்கே ஒரு சின்ன வள்ளம் வைத்து மீனுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். இவர் போனபோது கரையில் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். உடம்பு அப்படியே இருந்தது, தலைதான் பஞ்சு. முத்துக்குளித்த மற்றவர்களிடம் பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். ஆழம் அவர்கள் காதை வாங்கிவிட்டது. ஜேசுபாதம் பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டே திரும்பிவிட்டார்.

"அண்ணாச்சி! கயித்தப் பாக்காத அண்ணாச்சி!"

இருவரும் சிரித்தார்கள். ஞானபாக்கியம் ஓட்டமும் நடையுமாக வந்து விசாரித்துவிட்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று மிரட்டிவிட்டு, சீலா மீனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் தேவபிரசாதம் பேச்சைத் தொடங்கினார். அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பேச்சு. பாஸ்கல் பேரை எடுக்கவில்லை.

"இல்ல, அந்தக் காலத்துக் கணக்கெல்லாம் எழுதி அனுப்பணும். கல்யாணத்துக்குப் பொறவு ஒமக்குச் சிப்பி கொறஞ்சிருக்கு. நீரோட்டம் எதுவும் கயித்த ஆட்டிருக்குமோன்னு..."

ஜேசுபாதம் பாசி பிய்ப்பதை நிறுத்தினார். கண்ணோரம் சுருங்கியது.

"பாஸ்கலப் பாத்தியளா?"

தேவபிரசாதத்துக்குப் பொய் வராது. மணலை விரலால் கிளறினார்.

"நீரோட்டமாம் நீரோட்டம்! கடல்லயே கெடந்தவனுக்கு நீரோட்டம் எது, மனுசன் கை எதுன்னு தெரியாதா அண்ணாச்சி? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல? ஊரே கேலி பண்ணுச்சே வே!"

ஜேசுபாதம் கடலைப் பார்த்தார்.

"நான் யாருமத்த பய அண்ணாச்சி. விடுதியில காய்ச்சல்னு படுத்தா, காய்ச்சல் போனதும் எந்திருப்பேன், அவ்வளவுதான். ஏன் படுத்தேன்னு கேக்க ஆளு கெடையாது. கடலுக்குள்ள போனாலும் அப்படித்தான். நானா ஆட்டுற வரைக்கும் கயிறு செத்த பாம்பு மாதிரி தொங்கும். அந்த வருசம் மொத முங்கல். கீழ நின்னு சிப்பி பொறுக்கிக்கிட்டு இருக்கேன், கயித்துல ஒரு நடுக்கம். இழுப்பு இல்ல, நடுக்கம். மேல அவன் கை நடுங்குது. எனக்காகப் பயந்து ஒருத்தன் நடுங்குதான்னு அன்னைக்குத்தான் அண்ணாச்சி மொத மொதல்ல தெரிஞ்சுது."

முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பொறவு இன்னும் ரெண்டு சிப்பி எடுக்க மனசு வருமா? அவன் இழுப்பான், நான் வந்துருவேன். சில நேரம் அந்த நடுக்கத்த இன்னும் கொஞ்சம் கையில பிடிச்சிருக்கணும்னுகூட இருக்கும். கேலி பண்ணுனா பண்ணிட்டுப் போறானுவ. சிப்பி கெடக்கு சிப்பி."

தேவபிரசாதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் முயலவில்லை. அந்தக் கயிறு ஒரு முழத் தூரத்தில், அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது. அவர் சிப்பியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இத எழுதலாமா ஜேசுபாதம்? எங்கெல்லாமோ போகும். யாரு வேணும்னாலும் படிப்பாங்க."

"தாராளமா எழுதுங்க. ஒலகத்துக்கே சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சட்டென்று இவர் கையைப் பிடித்தார். "பாஸ்கல்ட்ட மட்டும் சொல்லிராதிய. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். தெரியும்னு தெரிஞ்சா கூசிப்போவான். வெள்ளந்தி."

சீலா மீன் குழம்பு ஊற்றி மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். வழியெல்லாம் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தவரைப் பக்கத்துச் சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை செல்வதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி முதலில் நம்பவில்லை. அம்மை போட்டிருந்த கதையைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தை எடுத்தார். ஏழாம் எண் பழைய உயரத்துக்குப் போன அந்தச் சில நாட்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ மனுசன் மாறவே இல்ல அண்ணாச்சி. பாரும் மாறல. கயிறு பிடிச்ச ஆளு மாறிருக்காரு."

"ஆமா சார். நான் எழுதுனதுதான் தப்பு. ஒரு முங்கல்னா ஒரு மூச்சுன்னு எழுதிட்டேன்."

அப்புறம் செல்வதுரையைப் பிடிக்க முடியவில்லை. எல்லாக் குளியாள்களுக்கும் கயிறு பிடித்தவர் யார் என்று ஒரு புதுப் பத்தி சேர்க்கச் சொன்னார். தேவபிரசாதம் தெருத் தெருவாகப் போய், காது கேளாத பழைய குளியாள்களின் காதருகே "ஒமக்குக் கயிறு பிடிச்சது யாரு?" என்று கத்திக் கேட்டு நிரப்பினார். சொந்த மச்சான், பெரியப்பா வழி மச்சான், பெண் கொடுத்து எடுத்த முறையில் மச்சான் என்று மச்சான்களாக வந்து குவிந்தார்கள். கிழவர்கள் கயிறு பிடித்தவர் பேரைச் சொல்லும்போது முகம் மாறியதை எந்தப் பத்தியில் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்று பிரியதத்தம் எவ்வளவு நேரம் என்று குறிப்பில் போட வேண்டியிருந்தது. அதிகாரியும் உதவியாளரும் இருவருமே சபைக்காரர்கள். கடைசியில் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னார்கள். டிரைவர் பக்தியோடு ஆற அமரச் சொன்னார்.

"இப்படிச் சொல்லிருக்க மாட்டான் சார்," என்றார் தேவபிரசாதம். "பயத்துல சொன்னா வேகமா முடிஞ்சுரும்."

டிரைவர் பயந்து சொல்லிக்காட்டினார். செல்வதுரை சிரிப்பை அடக்க முடியாமல் வாட்சைத் தவறவிட்டார். கடைசியில் "சுமாராக" என்று ஒரு சொல்லை முன்னால் போட்டு எழுதிக்கொண்டார்கள்.

"நம்பத்தகாதவை" என்ற வரியைச் செல்வதுரை தன் கையாலேயே அடித்தார். அந்த இடத்தில் தேவபிரசாதம் எழுதினார்: "ஒரு முங்கல் என்பது குளியாளின் மூச்சு அல்ல, கயிறு பிடித்தவர் இழுக்கும் வரையுள்ள நேரம். ஏழாம் எண் குளியாளின் கயிற்றை 1959 முதல் அவருடைய மனைவியின் அண்ணன் பிடித்தார். குளியாளின் சைகைக்குக் காத்திராமல் இழுத்தார். எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவே காரணம். எண்ணிக்கைகள் சரியானவை; நீக்கப்படவில்லை." செல்வதுரை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பார்சல் சென்னைக்குப் போய், ஏற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவபிரசாதம் மறுபடியும் துறைமுகத்து டீக்கடைக்குப் போனார். பாஸ்கல் காத்துக்கொண்டிருந்தவர் போல ஓடி வந்தார்.

"எழுதியாச்சா அண்ணாச்சி? மாப்ள பேரு தப்பிச்சிட்டா?"

"தப்பிச்சிட்டு. ஒரு முங்கல்கூட விட்டுப்போகல. எல்லாம் போயிட்டு."

பாஸ்கல் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளைக்கு... தெரியாதுல்லா?"

தேவபிரசாதம் டீயை ஒரு மடக்குக் குடித்தார். தொண்டைக்குள் சூடு இறங்கும் வரைக்கும் பொறுத்து, "தெரியாது" என்றார்.

"பாவம், அவரு வெள்ளந்தி," என்று பாஸ்கல் நிம்மதியாகச் சிரித்தார். "ஏலே, அண்ணாச்சிக்கு இன்னொரு டீ போடு."

அறிந்ததையெல்லாம் பொதுவில் வைத்தாகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் அவர் எந்தக் களஞ்சியத்துக்கும் கொடுக்கவில்லை.